மறைக்காத மாறுவேடம்: ‘தி லேடி ஈவ்’ (1941) திரைப்படத்தில் அடையாளமும் நகையும்

ஆய்வுச் சுருக்கம்

மாறுவேடத்தை அடிப்படையாகக் கொண்ட நகைச்சுவைப் படைப்புகள், வேடம் கலைந்து உண்மை வெளிப்படும் இடத்தை நோக்கியே நகர்வது வழக்கம். பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் எழுதி இயக்கிய ‘தி லேடி ஈவ்’ என்னும் ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படம் இவ்வழக்கிலிருந்து விலகுகிறது. இதன் நாயகி தன் தோற்றத்தை மாற்றிக்கொள்ளாமலேயே வேறொருத்தியாகிறாள். ஏமாற்றப்பட்ட நாயகனோ படம் முடியும் வரை உண்மையை அறிவதில்லை. நாயகனது ஏமாற்றம் கண்ணின் பிழையன்று. ஒரு பெண்ணைக் காட்டிலும் அவளைப் பற்றிய கதையை நம்பும் மனத்தின் பிழை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் ‘மடன்’ என்னும் நகையின் நிலைக்களன் இவ்விளக்கத்திற்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மாறுவேடம், ஆள்மாறாட்டம், நகை, எள்ளல், மடன், ஹாலிவுட் காதல் நகைச்சுவை, பிரஸ்டன் ஸ்டர்ஜஸ்.

முன்னுரை

ஹாலிவுட்டின் காதல் நகைச்சுவைப் படங்களுள் ஆள்மாறாட்டத்தைக் கருவாகக் கொண்டவை பல. எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’ (1940) படத்தில், ஒரே கடையில் பணிபுரிந்து ஓயாது பூசலிடும் ஆணும் பெண்ணும் தம்முள் யார் என்றறியாமல் கடிதம் வழியாகக் காதலிக்கின்றனர். பில்லி வைல்டரின் ‘தி மேஜர் அண்ட் தி மைனர்’ (1942) படத்தில், இரயிலில் அரைக் கட்டணத்தில் பயணம் செய்வதற்காக வளர்ந்த பெண்ணொருத்தி பன்னிரண்டு வயதுச் சிறுமியாக நடிக்கிறாள். அவரே இயக்கிய ‘சம் லைக் இட் ஹாட்’ (1959) படத்தில், கொலைக்காட்சி ஒன்றைக் கண்டுவிட்ட இசைக்கலைஞர் இருவர் பெண்வேடம் பூண்டு மகளிர் இசைக்குழுவில் ஒளிந்துகொள்கின்றனர்.

இவை மூன்றும் தம்முள் வேறுபட்டவை எனினும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன. மறைப்பதற்குக் கடித உறையோ சிறுமியின் உடையோ பொய்முடியோ ஏதேனும் ஒரு பொருள் இருக்கிறது. இறுதியில் அம்மறைப்பு விலகுகிறது. ஏமாந்தவர், தாம் காதலித்தவர் யார் என்பதைத் தெரிந்துகொள்கிறார். பார்வையாளர் முன்பே அறிந்த உண்மையைப் பாத்திரமும் அறியும் அந்த நொடிக்காகவே கதை அதுவரை காத்திருக்கிறது.

‘தி லேடி ஈவ்’ படத்தில் மறைப்பு என்று சொல்லத்தக்க பொருள் எதுவுமில்லை. அறியும் நொடியும் இல்லை. இவ்விரு இன்மைகளும் தற்செயலானவை அல்ல. ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாக அமைந்தவை.

படமும் படைப்பாளரும்

ஹாலிவுட் படநிறுவனங்களில் கதை எழுதுபவர் ஒருவர், இயக்குபவர் வேறொருவர் என்ற பிரிவு வேரூன்றியிருந்த காலத்தில், தாம் எழுதியதைத் தாமே இயக்க வேண்டும் என வற்புறுத்தி வென்றவர் பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் (1898–1959). ‘தி கிரேட் மெக்கின்டி’ (1940) திரைக்கதையை, தம்மை இயக்க விடவேண்டும் என்னும் நிபந்தனையுடன் பாரமவுண்ட் நிறுவனத்திற்கு வெறும் 10 டாலருக்கு அவர் விற்றார். அசல் திரைக்கதைக்கான முதல் ஆஸ்கர் விருது அப்படத்திற்கே கிடைத்தது. அவர் இயக்கிய மூன்றாவது படம் ‘தி லேடி ஈவ்’. மாங்க்டன் ஹாஃப் எழுதிய கதையைத் தழுவியது. அக்கதை ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டு இப்படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

பார்பரா ஸ்டான்விக் நாயகியாகவும் ஹென்றி ஃபாண்டா நாயகனாகவும் நடித்தனர். நாயகியின் இரு நிலைகளுக்குமான ஆடைகளை வடிவமைத்தவர் எடித் ஹெட். ஸ்டான்விக் என்பதே மேடைக்காகச் சூட்டப்பட்ட பெயர் என்பதையும், புரூக்ளினில் பிறந்த அவரது இயற்பெயர் ரூபி ஸ்டீவன்ஸ் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

கப்பலில் தொடங்கும் கதை

சார்ல்ஸ் பைக், பீர் வடிப்பில் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்தின் ஒரே வாரிசு. அவனுக்குக் குடும்பத் தொழிலில் நாட்டமில்லை. பாம்புகளை ஆராய்வதிலேயே நாட்டம். அமேசான் ஆற்றுப் பகுதியிலிருந்து எம்மா என்னும் பாம்பொன்றுடன் ஊர் திரும்பும் வழியில் பயணிகள் கப்பல் ஒன்றில் ஏறுகிறான். அக்கப்பலில் சீட்டாட்டத்தில் செல்வர்களை ஏமாற்றிப் பிழைக்கும் ‘கர்னல்’ ஹாரிங்டனும் அவர் மகள் ஜீனும் இருக்கின்றனர். ஏணியில் ஏறிவரும் சார்ல்ஸின் தலைமேல் மேல்தளத்திலிருந்து ஜீன் ஓர் ஆப்பிளைப் போடுகிறாள். பெயர்கள் ஓடும் தொடக்கக் காட்சியில் கேலிச்சித்திரப் பாம்பொன்று நெளிந்து செல்வதையும் படத்தின் பெயரையும் இதனோடு சேர்த்து நோக்கினால், விவிலியத்தின் ஆதாம் ஏவாள் கதை விளையாட்டாகத் தலைகீழாக்கப்படுவது புலனாகும். இங்குப் பாம்பு ஆடவனின் உடைமை.

உணவுக்கூடக் காட்சி தனித்து நோக்கத்தக்கது. சார்ல்ஸ், பாம்புகள் தேவையா என்று வினவும் தலைப்புடைய நூலில் மூழ்கியிருக்கிறான். அவன் கவனத்தைக் கவரக் கூடத்திலுள்ள பெண்கள் செய்யும் முயற்சிகள் அனைத்தையும் ஜீன் தன் கைக்கண்ணாடியில் பார்க்கிறாள். பார்த்தபடியே அவர்கள் என்ன பேசுவர், அடுத்து என்ன செய்வர் என்று வருணனை கூறுகிறாள். கண்ணாடிக்குள் நிகழ்வதே நமக்கும் காட்டப்படுகிறது. ஒரு வகையில் ஜீன் இங்கு இயக்குநரின் இடத்தில் அமர்ந்திருக்கிறாள் எனலாம். பிறர் நடிப்பை ஊன்றிக் கண்டு அதன் இலக்கணத்தை அறிந்தவள் அவள். அவன் எழுந்து செல்லும்போது காலை நீட்டி இடறி விழச் செய்கிறாள். தன் காலணியின் குதி உடைந்ததற்கு அவனையே பொறுப்பாக்கித் தன் அறைவரை அழைத்துச் செல்கிறாள்.

ஏமாற்றத் தொடங்கியவள் விரைவிலேயே காதல் வயப்படுகிறாள். சீட்டாட்டத்தில் தந்தை செய்யும் கள்ளத்தை மகள் எதிர்க்கள்ளத்தால் முறியடிக்கும் காட்சியில், ஒருவர் கையை மற்றவர் அறிவர். இடையில் இருக்கும் சார்ல்ஸ் மட்டும் ஒன்றும் அறியான். கரை சேர்ந்ததும் உண்மையைக் கூறிவிடுவது என்று ஜீன் எண்ணுகிறாள். அதற்குள், தந்தை மகள் இருவரையும் தொழில்முறை எத்தர்களாக அடையாளங்காட்டும் புகைப்படம் ஒன்று கப்பல் அலுவலர் வழியாகச் சார்ல்ஸின் கைக்கு வருகிறது.

முதலில் வேடமிட்டவர் யார்?

புகைப்படத்தைக் கண்ட பின்னர் மதுக்கூடத்தில் நிகழும் உரையாடலே இப்படத்தின் அச்சாணி. திறனாய்வுகள் பெரும்பாலும் பின்பாதியின் ஆள்மாறாட்டத்திலேயே கவனம் செலுத்துவதால் இக்காட்சியின் நுட்பம் போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை.

ஜீன் மகிழ்ச்சியுடன் வருகிறாள். சார்ல்ஸ் படத்தைக் காட்டுகிறான். அவள் மறுக்கவில்லை, தானே சொல்ல இருந்ததாகக் கூறுகிறாள். தான் ஏமாந்துவிட்டதாக ஒப்புக்கொள்ள அவனது தன்மதிப்பு இடங்கொடுக்கவில்லை. எனவே தனக்கு இது முன்பே தெரியும் என்றும், தெரிந்துகொண்டே அவளோடு விளையாடியதாகவும் அவன் பொய் கூறுகிறான். ஜீனைப் புண்படுத்துவது அவன் படத்தை நம்பியதன்று; இப்பொய்யே. காதல் என்று அவள் நம்பியது முழுவதும் நடிப்பாக இருந்தது என்று அது பொருள்படுகிறது. அவள் கண் கலங்குகிறாள்.

ஆக, காதல் அரும்பிய பின்னர் அதனைக் காயப்படுத்தும் முதல் வேடம் சார்ல்ஸ் பூண்டதே. அறிவாளி வேடம் அது. பின்பாதியில் ஜீன் பூணும் சீமாட்டி வேடம் அதற்கான விடை. படத்தை நாணமற்ற எத்தி ஒருத்தியின் பழிவாங்கல் கதையாக மட்டும் வாசிப்பது இக்காரண காரியத் தொடர்பை விட்டுவிடுவதாகும்.

சீமாட்டி ஈவ்

கர்னலின் பழைய கூட்டாளி ஒருவர், சர் ஆல்ஃபிரட் மெக்லெனன் கீத் என்னும் போலிப் பெயருடன் கனெக்டிகட் மாநிலத்துச் செல்வர்களிடையே ஆங்கிலேயப் பிரபுவாக வாழ்ந்துவருகிறார். அவருடைய உறவுப்பெண் சீமாட்டி ஈவ் சிட்விச்சாக ஜீன் அங்குச் செல்கிறாள். பைக் மாளிகை விருந்தில் சார்ல்ஸின் முன் நிற்கிறாள். அதே முகம், அதே கூந்தல். மாறியிருப்பவை ஆடையின் தரமும் ஆங்கிலேய உச்சரிப்பும் மட்டுமே. சார்ல்ஸ் நிலைகுலைந்து சாய்விருக்கைமீதும் திரைச்சீலைமீதும் விருந்துணவுத் தட்டின்மீதும் மீண்டும் மீண்டும் விழுகிறான். மீண்டும் மீண்டும் உடை மாற்றி வருகிறான். உருமாற வேண்டியவள் அப்படியே இருக்க, மாற வேண்டாதவனே ஆடை மாற்றிக்கொண்டிருக்கும் இந்த முரண் ஸ்டர்ஜஸின் நகையுணர்வுக்குச் சிறந்த சான்று.

அவனுடைய பணியாளும் மெய்க்காவலனுமாகிய மக்ஸி மட்டும் இவள் அவளே என்று முதல் பார்வையிலேயே அடித்துச் சொல்கிறான். சார்ல்ஸ் அதனை மறுக்கும் முறை தருக்க முறை. வேடமிட்டு வருபவள் கூந்தலின் நிறத்தையோ புருவத்தையோ மாற்றியிருப்பாள். இவள் எதையும் மாற்றவில்லை. எனவே இவள் அவளல்லள். இருவரும் ஒருவராக இருக்க முடியாத அளவுக்கு ஒத்திருக்கின்றனர் என்பதே அவன் முடிவு.

இவ்வாதத்தை முழு மூடத்தனம் என்று தள்ளிவிட இயலாது. மாறுவேடம் என்றால் மாற்றம் இருக்கவேண்டும் என்பது நாடகமும் திரைப்படமும் காலங்காலமாகக் கற்பித்த விதி. சார்ல்ஸ் அவ்விதியை நன்கறிந்தவன், அதனாலேயே ஏமாறுகிறான். மேலும் அவன் உயிரினங்களை வகைப்படுத்துவதில் பயிற்சியுடையவன். பாம்பினத்தைப் பிரித்தறியும் ஆய்வாளன் வேறுபாட்டைத் தேடிப் பழகியவன். வேறுபாடே இல்லாதவிடத்து அவனது கல்வி கைகொடுக்கவில்லை. கல்லாத மக்ஸிக்குக் கண் இருக்கிறது, அது போதுமானதாகவும் இருக்கிறது.

அறியாமைக்கு ஜீன் தரும் விளக்கம் வேறு. கப்பலில் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட வேட்கையினால் அவன் அவளுக்கு உயரமும் அழகும் உடையவனாகத் தோன்றினான். இப்போது காதல் இல்லை. தனக்கே அவனை அடையாளம் தெரியவில்லை, குள்ளமாகவும் எலும்பாகவும் தெரிகிறான் என்கிறாள். கேலியாகச் சொல்லப்படும் இக்கூற்று சார்ல்ஸின் தருக்கத்தைவிட ஆழமானது. காதலிக்கும் கண் உள்ளதை உள்ளபடி காண்பதில்லை எனின், ‘அதே பெண்’ என்ற தொடருக்கு என்ன பொருள்? படம் இவ்வினாவை எழுப்பிவிட்டு அடுத்த இடறலுக்கு விரைந்துவிடுகிறது. எனினும் வினா கரையவில்லை. சில வாரங்களுக்குப்பின் சார்ல்ஸ் ஈவிடம் காதலை வெளியிடும்போது, கப்பலில் ஜீனிடம் பேசிய அதே சொற்களையே பேசுகிறான். அவன் சொல்லவிருப்பதை அவளே முந்திச் சொல்லி முடிக்கிறாள். பின்னால் நிற்கும் குதிரை அவன் தலையை முகர்ந்து தொல்லை தருகிறது. இரு பெண்கள் என்று நம்பிக்கொண்டு ஒரே மொழியைப் பேசுகிறவன் உண்மையில் எவளை நோக்கிப் பேசுகிறான் என்பதே இங்கு நகைக்குள் மறைந்திருக்கும் முள்.

மடன் என்னும் நிலைக்களன்

சார்ல்ஸின் ஐயத்தை முற்றிலும் துடைப்பது அவனது தருக்கமன்று. சர் ஆல்ஃபிரட் இரகசியமாகக் காதில் ஓதும் கதை. உயர்குடிச் சீமாட்டி, அழகிய வண்டியோட்டி, அவர்தம் கள்ள உறவில் பிறந்த மற்றொரு மகள் என்று பழைய மிகையுணர்ச்சி நாடகங்களின் பாணியில் அவர் ஒரு குடும்ப வரலாற்றைப் புனைகிறார். ஜீனும் ஈவும் உடன்பிறந்தோர் என்பது அதன் சாரம். அன்றைய பார்வையாளர்க்கே நைந்துபோன கதை அது. சார்ல்ஸ் அதனை அப்படியே ஏற்கிறான். அதன்பின் கண்முன் நிற்கும் எந்தச் சான்றும் அவனை அசைப்பதில்லை.

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுக்கிறது. இவற்றுள் பேதைமைக்கும் மடனுக்கும் இடையிலான வேறுபாடு மேலோட்டமான வாசிப்பில் நழுவக்கூடியது. பேதைமையை அறிவின்மை என்றும், மடத்தைப் பிறர் அறிவுறுத்தியதை ஏற்று, ஏற்றதைக் கைவிடாதிருத்தல் என்றும் உரைமரபு பிரித்துணர்த்துகிறது. செய்யுள், நாடக வழக்குகளை நோக்கி எழுந்த இக்கோட்பாட்டை அமெரிக்கத் திரைப்படம் ஒன்றின்மேல் முழுதாகப் பொருத்துவது முறையன்று. ஆனால் இந்த ஒரு வேறுபாடு இப்படத்தின் மையச் சிக்கலைத் தெளிவாக்குகிறது. சார்ல்ஸ் பேதையல்லன், கற்றவன், நேர்மையானவன், தன் துறையில் வல்லவன். அவன்பால் நகை பிறப்பது மடத்தினால். கொண்டதை விடாத உறுதி அவனிடம் இருக்கிறது. கொள்ளத்தக்கது எது என்னும் தேர்வுதான் இல்லை.

இவ்வகையில் நோக்கினால் படத்தின் மூன்று திருப்பங்களும் ஒரே அமைப்புடையன என்பது விளங்கும். முதலில் புகைப்படம், அடுத்து வண்டியோட்டியின் மகள் பற்றிய கதை, மூன்றாவதாக, தேனிலவு இரயிலில் ஈவ் தன்னைப் பற்றித் தானே கூறும் கதை. மூன்று முறையும் அவன்முன் ஒரு பெண் இருக்கிறாள். அவளைப் பற்றிய ஒரு செய்தியும் இருக்கிறது. மூன்று முறையும் அவன் செய்தியையே நம்புகிறான். புகைப்படம் சொல்வது உண்மை, மற்ற இரண்டும் பொய் என்பது அவனளவில் எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை. உண்மையான செய்தியே அவனை மிகுதியும் தவறான முடிவுக்குக் கொண்டுசென்றது என்பதும் நோக்கத்தக்கது.

மதுக்கூடக் காட்சியில் ஜீனின் கண்ணீருக்குக் காரணம் இளிவு, அதாவது பிறரால் இகழப்பட்டு எளியளாதல். அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் இதனைச் சுட்டும். அந்த இளிவே பின்பாதியில் எள்ளலாக உருமாறுகிறது. பட்ட இகழ்ச்சியைத் திருப்பித் தரும் முயற்சி என்பதனாலேயே ஈவின் நகையில் ஒரு கூர்மை கலந்திருக்கிறது.

இரயிலும் சேறும்

திருமணம் நடந்தேறுகிறது. அன்றிரவு இரயில் அறையில் ஈவ், இளவயதில் தான் குதிரை லாயத்துப் பணியாளனுடன் ஓடிப்போனதாகத் தொடங்குகிறாள். சார்ல்ஸ் மன்னிப்பின் மேன்மை குறித்து நீண்டதோர் உரை நிகழ்த்தி அவளை மன்னிக்கிறான். உடனே மற்றொரு பெயர் வருகிறது, பின்னர் இன்னொன்று. இடியும் மின்னலும் இரயிலின் கூவலும் சுரங்கப்பாதை இருளும் இடையிடையே வெட்டிக் காட்டப்பட, பெயர்ப்பட்டியல் நீள்கிறது. அவன் இரவுடையோடு இரயிலை விட்டிறங்கிச் சேற்றில் வழுக்கி விழுகிறான். இம்முறை அவனை எவரும் இடறிவிடவில்லை.

பழி முடிந்த இடத்தில் வெற்றிக்களிப்பு இல்லை. சன்னல் வழியே அவன் விழுவதைக் காணும் ஜீனின் முகத்தில் மகிழ்ச்சியின் சுவடே தென்படுவதில்லை. மணமுறிவுக்காகப் பைக் குடும்பம் பெருந்தொகை தர முன்வரும்போது அவள் பணம் வேண்டாம் என்கிறாள். சார்ல்ஸ் நேரில் வந்து கேட்டால் போதும் என்கிறாள். தந்தையும் கூட்டாளியும் திகைக்கின்றனர்; தொழிலறம் கெட்டுவிட்டதே என்பது அவர்கள் கவலை. சார்ல்ஸ் வர மறுக்கிறான். அவள் விரும்பியது ஒரு சந்திப்பை, அதாவது அறியப்படுவதற்கான ஒரு வாய்ப்பை. அது மறுக்கப்படுகிறது.

அறியாமல் முடியும் அறிதல்

சார்ல்ஸ் மீண்டும் கப்பலேறுகிறான். ஜீனும் ஏறுகிறாள், ஜீனாகவே. உணவுக்கூடத்தில் மீண்டும் காலை நீட்டி இடறிவிடுகிறாள். எழுந்தவன் அவளைக் கண்டு அளவிலா மகிழ்ச்சியுடன் தழுவி அறைக்கு அழைத்துச் செல்கிறான். அவள் விளக்க முற்படும்போது, தான் எதையும் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று தடுத்துவிடுகிறான். தனக்கு மணமாகிவிட்டதால் அங்கிருக்கத் தனக்கு உரிமையில்லை என்று மட்டும் ஒப்புக்கொள்கிறான். தனக்கும் மணமாகிவிட்டது என்கிறாள் அவள். கதவு மூடப்படுகிறது.

1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்ட ஹாலிவுட் தணிக்கை நெறி, மண உறவுக்கு வெளியே அமையும் உறவைக் கவர்ச்சியாகக் காட்டுவதைத் தடைசெய்திருந்தது. இம்முடிவில் சார்ல்ஸ் தன் எண்ணத்தளவில் மனைவியைவிட்டு வேறொருத்தியின் அறைக்குள் நுழைகிறான். சட்டத்தின் அளவில் தன் மனைவியிடமே திரும்புகிறான். விதி மீறப்படவுமில்லை, காக்கப்படவுமில்லை என்னும்படியான இவ்விடைவெளியில் ஸ்டர்ஜஸ் தம் கதையை முடித்திருக்கிறார். ஸ்டான்லி கேவல் தம் ‘பர்சூட்ஸ் ஆஃப் ஹேப்பினஸ்’ (1981) நூலில், பிரிந்த இணையர் மீண்டும் இணையும் மறுமண நகைச்சுவை என்னும் வகைமையின்கீழ் ஆராய்ந்த ஏழு படங்களுள் இதுவும் ஒன்று. மறுமணம் நிகழ்ந்திருப்பது மணமகனுக்கே தெரியாது என்பது இப்படத்தின் தனித்தன்மை.

தெரிந்துகொள்ள வேண்டாம் என்னும் சார்ல்ஸின் கூற்றை எவ்வாறு மதிப்பிடுவது? கொண்டது விடாத அதே மடத்தின் உச்சம் என்று கொள்ள இடமுண்டு. அவன் கடைசிவரை ஏமாந்தவனாகவே இருக்கிறான். ஆயினும் மூன்று முறை ஒரு பெண்ணைப் பற்றிய கதையைக் கேட்டு அப்பெண்ணைக் கைவிட்டவன், நான்காம் முறை கதையைக் கேட்க மறுத்துப் பெண்ணைத் தேர்கிறான். அவன் மறுத்த அந்த ஒரு கதை மட்டுமே அவள் மனமுவந்து சொல்லவந்த முழு உண்மை என்பது ஸ்டர்ஜஸ் வைத்த இறுதி வஞ்சப்புகழ்ச்சி. மன்னிப்பைப் பற்றி இரயிலில் சொற்பெருக்கு ஆற்றியவனுக்குக் கைகூடாதது, எதை மன்னிக்கிறோம் என்று அறியாதபோது கைகூடுகிறது. அறிதலின்றி மன்னித்தல் மன்னித்தலாகுமா என்ற வினாவுக்குப் படம் விடை தருவதில்லை.

மூடிய கதவு மீண்டும் சற்றே திறக்கிறது. அறைக்குள்ளிருந்து மக்ஸி நழுவி வெளியே வருகிறான். ஐயத்திற்கிடமின்றி இவள் அவளேதான் என்கிறான். நடைவழியில் அவனைத் தவிர வேறு எவரும் இல்லை.